மழையில் மாட்டிக்கொண்ட 50 டன் குறுவை நெல்: ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில் உள்ள ஒரு கிராமம். அடுத்தடுத்த வயல்காரர்களான 9 சிறு விவசாயிகள் 2025 குறுவையில் (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவம்) ஒன்றாக அறுத்து, ஒன்றாகக் குவித்து, ஒன்றாக விற்க முயன்றார்கள். அறுவடை முடிந்த மறுநாளே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. அந்த நெல் அரசு கொள்முதல் நிலையத்தின் தராசில் ஏறும்வரை நடந்தவை இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர், நிலையத்தின் அடையாளம் எதுவும் இதில் இல்லை. எடையும் பணமும் குழுவின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தபடியே தரப்பட்டுள்ளன.

பின்னணி

மேட்டூர் அணை அந்த ஆண்டு வழக்கமான ஜூன் 12 அன்றே திறந்தது. ஆனாலும் இந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேர நாளானது. ஆழ்துளைக் கிணறு வைத்திருந்த மூவர் முதலில் நாற்று விட்டார்கள், மற்றவர்கள் அவர்களிடம் தண்ணீர் வாங்கி அடுத்தடுத்து நட்டார்கள். மொத்தம் 24 ஏக்கர். அனைவரும் போட்டது ஆடுதுறை 43 என்ற சன்ன ரகம், 110 நாள் பயிர். அறுவடை அக்டோபர் நடுவில் விழும் என்பது நட்ட அன்றே தெரியும். டெல்டாவில் குறுவையின் கடைசியும் மழையின் தொடக்கமும் இப்படி மோதிக்கொள்வது புதிதல்ல. ஒரு வாரம் முந்தினால் தப்பிக்கலாம், பிந்தினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். நிலையத்தில் 40 கிலோ கொண்ட ஒரு சிப்பத்துக்கு 1,018 ரூபாய் கிடைத்தது. இங்கே வாங்கும் நெல்தான் அரைவைக்குப் போய் ரேஷன் அரிசியாகத் திரும்பி வருகிறது. அதனால் தர வரம்புகள் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கல், மண் போன்றவை 1 சதவீதம், வைக்கோல், பதர் போன்றவை 1 சதவீதம் வரைதான். முதிராத, சுருங்கிய நெல் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இந்தக் கடைசி வரம்புதான் மழைக்காலத்தில் ஆளைக் கவிழ்க்கும். ஈரத்தைக் காயவைத்துப் போக்கிவிடலாம், முளைத்த நெல்லை மறுபடி நெல்லாக்க முடியாது.

9 பேரில் 7 பேர் சொந்த நிலத்துக்காரர்கள், 2 பேர் குத்தகைதாரர்கள். அறுப்புக் கூலி, குறுவைக்கு அடுத்த பயிரான தாளடிக்கான விதை, அடியுரம், கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடனின் வட்டி என எல்லாருக்கும் பணம் தேவைப்பட்ட நேரம் அது. நெல்லை வீட்டில் வைத்து நிதானமாக விற்கும் வசதி ஒருவருக்கும் இல்லை. கீழே வரும் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் இந்த நெருக்கடி இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் படித்தால் சில முடிவுகள் அவசரக்குடுக்கைத்தனமாகத் தெரியக்கூடும்.

முதல் மூன்று நாள்: அறுவடையும் குவியலும்

அக்டோபர் 13 முதல் 15 வரை பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) வைத்து அறுத்தார்கள். வயல் சதசதப்பாக இருந்ததால் டயர் வண்டி இறங்கவில்லை. வண்டியிலிருந்து கொட்டும்போதே நெல்லின் ஈரம் 20-லிருந்து 25 சதவீதம் வரை இருந்தது. இயந்திர அறுவடையில் இது வழக்கமான அளவுதான். கையால் அறுத்துக் கட்டிப்போட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்த காலத்தில் கதிரிலேயே கொஞ்சம் காய்ந்துவிடும். இப்போது அந்த இடைவெளி கிடையாது. அறுத்த நிமிடமே நெல் பெட்டிக்குள் போய்விடுகிறது.

நிலையம் 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வாங்கிய சிப்பங்களை ஏற்றிப் போக லாரி வராததால் களம் முழுக்க அடுக்கு நின்றது. வழக்கமாக ஒரு நாளில் 800 சிப்பம் வாங்கும் இடத்தில் 400 வாங்குவதே பாடாக இருந்தது. டோக்கன்படி இவர்கள் முறை வர குறைந்தது ஐந்தாறு நாளாகும் என்று தெரிந்தது. வாங்கும் வேகம் தராசின் கையில் இல்லை, சாக்கை இறக்கி வைக்க இடம் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. டோக்கன் எண்ணை மட்டும் பார்த்து நாள் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் அந்தப் பருவத்தில் ஏமாந்தார்கள்.

நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த காலிமனையில் 50 டன் நெல்லை மூன்று பெரும் குவியலாகக் கொட்டினார்கள். படுதா செலவைக் குறைக்க ஆளுக்கொரு குவியல் வேண்டாம் என்று கலந்தே போட்டார்கள். ஒவ்வொன்றும் இடுப்புக்கு மேல் உயரம். தரையில் ஒரு பழைய படுதா, மேலே ஒரு புதுப் படுதா, ஓரத்தில் கல். குவியலைச் சுற்றி வரப்பு போடவில்லை, வாய்க்கால் வெட்டவில்லை. மனை ஒரு பக்கம் சரிவாக இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு வந்த நட்டத்தில் பெரும்பங்கு இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாததால் வந்தது.

நான்காம் நாள் முதல் ஆறாம் நாள் வரை: கண்டவை

அக்டோபர் 16 அன்று பருவமழை தொடங்கியது. இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. படுதாவைத் திறக்கவே இல்லை. ஓர் இளைஞர் காற்றாடத் திறக்கலாம் என்றபோது மூத்தவர் ஒருவர், "தொறக்காதீங்க தம்பி, மழை எந்தப் பக்கத்திலேர்ந்து வரும்னு தெரியாது" என்று தடுத்தார். அவர் கண்முன் தெரிந்த ஆபத்து மேலிருந்து விழும் மழை. அப்போது நடந்துகொண்டிருந்த ஆபத்து குவியலுக்கு உள்ளே இருந்தது.

ஆறாம் நாள் காலை முதல் குவியலுக்கு அருகே புளித்த வாடை வந்தது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே சூடு. படுதாவின் அடிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த மேல்பரப்பு நெல் நனைந்திருந்தது. சரிவுப் பக்கம் தோண்டியதில் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நெல் சேறாகக் கிடந்தது. அதில் வெள்ளை முளை தெரிந்தது.

நெல் உயிருள்ள பொருள், அது மூச்சு விடுகிறது. ஈரம் கூடக்கூட மூச்சும் வேகமாகும். அந்த மூச்சு வெப்பத்தையும் நீராவியையும் வெளியேற்றும். குவியலின் நடுவிலிருந்து சூடு வெளியேற வழியில்லாததால் வெப்பம் தங்கி, அதுவே மூச்சை மேலும் தூண்டும். சூடான காற்று மேலேறிக் குளிர்ந்த படுதாவில் பட்டு நீராகிச் சொட்டும். வெளியிலிருந்து ஒரு சொட்டு மழை உள்ளே போகாவிட்டாலும், மூடிய படுதாவுக்குள் இப்படி ஒரு மழை பெய்துகொண்டேயிருக்கும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லை 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும் என்று வேளாண் நூல்கள் சொல்வது இதனால்தான். போதாக்குறைக்கு, குறுவையில் போடும் பல குறுகிய கால ரகங்களுக்கு விதை உறக்கநிலை, அதாவது ஈரம் பட்டாலும் முளைக்காமல் இருக்கும் காலம், குறைவு. ஈரமும் சூடும் கிடைத்த மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும்.

அன்று மாலை ஒரு தனியார் வியாபாரி வந்தார். முளைத்தது, முளைக்காதது எல்லாம் சேர்த்து, ஈரத்தோடு, இருக்கிற இடத்திலேயே குவிண்டால் 1,650 ரூபாய் என்றார், உடனே ரொக்கம். நால்வர் கொடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் மூவர், ஈரப்பத வரம்பை 22 ஆகத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டிருக்கிறது, பொறுத்திருப்போம் என்றார்கள். இந்த நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 19 சதவீதம் வரை தளர்வு கிடைத்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை.

ஏழாம் நாள்: எடுத்த முடிவுகள்

ஏழாம் நாள் மழை சற்று ஓய்ந்தது. பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலிருந்து ஈரப்பதம் பார்க்கும் கையடக்க மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினார்கள். ஓய்வு பெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவரும் உடன் வந்தார். முதல் வேலையாகப் படுதாக்களை எடுத்துவிட்டு, மூன்று குவியலிலும் மேல், நடு, அடி, இரு ஓரம் என ஐந்து இடங்களில் மாதிரி எடுத்தார்கள். சூடான நெல்லை அப்படியே மீட்டரில் போட்டால் அளவு தவறும் என்பதால் நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்துச் சராசரி எழுதினார்கள்.

மூன்று வகை தெரிந்தது. கடைசி நாள் மேட்டு வயலில் அறுத்துக் கொட்டிய மூன்றாம் குவியலில் பெரும்பகுதி 19.5, மொத்தம் 13 டன். மற்ற இரு குவியல்களின் நடுப்பகுதி சராசரி 23.5, முளை இல்லை, சூடு மட்டும் இருந்தது, 31 டன். அடியிலும் ஓரத்திலும் நனைந்து முளைத்தது 30 சதவீத ஈரத்தோடு 6 டன். அதுவரை எல்லாரும் 50 டன்னுக்கு ஒரே விலை, ஒரே முடிவு என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்ததுமே பேச்சு மாறியது.

பிறகு கணக்குப் போட்டார்கள். 23.5 சதவீத ஈரத்தில் உள்ள ஒரு டன்னை 17-க்குக் காயவைத்தால் எடை 922 கிலோ ஆகும். தூற்றலில் 2 சதவீதம் போனால் நிற்பது 903 கிலோ. நிலைய விலையில் அது ஏறத்தாழ 22,980 ரூபாய். அரிசி ஆலையின் உலர்த்தியில் காயவைக்க டன்னுக்கு 1,400, போக்குவரத்தும் ஏற்றுக்கூலியும் சுமார் 875. கையில் நிற்பது 20,700. வியாபாரி தருவது 16,500. ஒரு டன்னுக்கு 4,200 ரூபாய் வித்தியாசம்.

நிலையம் மேலும் பத்து நாள் வாங்காமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 17-க்கு இறங்கிய நெல் சாக்கில் இரண்டு வாரம் தாங்கும், 23-ல் இருப்பது இரண்டு நாள்கூடத் தாங்காது. காய்ந்த நெல்லை வியாபாரிக்கே விற்றாலும் 2,000 ரூபாய்க்குக் குறையாது. ஆக, உலர்த்துவதற்குக் கொடுக்கும் பணம் காத்திருக்கும் சக்தியை வாங்கித் தருகிறது. கொடுத்துவிடலாம் என்றவர்களை இணங்க வைத்தது இந்த வாதம்தான். தளர்வுக்குக் காத்திருக்கலாம் என்ற யோசனையும் அதோடு விலகியது. தளர்வு வந்தால் நல்லது, வராவிட்டாலும் நெல் அழியக்கூடாது என்று முடிவானது.

அடுத்த கேள்வி இடம். வெயிலில் காயவைக்க நெல்லை 3 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பக்கூடாது. அந்தக் கனத்தில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 620 சதுர அடி வேண்டும். ஊரில் சிமெண்ட் களம், வீட்டு வாசல்கள், மொட்டை மாடி எல்லாம் கூட்டினால் 7,000 சதுர அடி வந்தது, ஒரே நேரத்தில் 11 டன்தான் விரியும். 50 டன்னுக்கு முக்கால் ஏக்கர் சிமெண்ட் தரை கேட்கும். தார்ச்சாலையில் பரப்பலாம் என்று சிலர் சொன்னதைக் குழு ஏற்கவில்லை. விபத்து பயம் ஒரு காரணம். சக்கரம் ஏறினால் நெல் உடையும், கல்லும் மண்ணும் சேர்ந்து 1 சதவீத வரம்பைத் தாண்டிவிடும் என்பது இன்னொன்று.

எனவே இப்படி முடிவானது: 13 டன் ஊர்க்களங்களில், இரண்டு தவணையாகக் காயவைக்க. 31 டன்னில் 24 டன் 14 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அரிசி ஆலையின் உமி அடுப்பு உலர்த்திக்கு. அது ஒரு முறைக்கு 12 டன் கொள்ளும், பாதி நிரப்பி ஓட்ட மாட்டார்கள், அதனால் சரியாக இரண்டு முறை. மீதி 7 டன் ஊர்த் திருமண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் 8 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, 8 மின்விசிறி வைத்து இரவு பகலாகக் காற்றாட. முளைத்த 6 டன் அதே வியாபாரிக்குக் குவிண்டால் 1,150 ரூபாய் வீதம் அன்றே. இதில் தயங்கியிருந்தால் ஒவ்வொரு நாளும் 100 ரூபாயாவது இறங்கியிருக்கும்.

எட்டாம் நாளிலிருந்து: நடந்ததும் தவறியதும்

எட்டாம் நாள் தீபாவளி. நிலையத்தில் லோடுமேன்கள் இல்லை, லாரியும் இல்லை, ஆலையும் மூடியிருந்தது. களத்து நெல்லையும் மண்டபத்து நெல்லையும் குடும்பத்தோடு கிளறினார்கள். மீதியை நிலையத்துப் பக்கத்திலேயே முழங்கால் உயரத்துக்குக் கலைத்து, மழை இல்லாத நேரமெல்லாம் திறந்து வைத்தார்கள். படுதாவை நெல்மேல் படியவிடாமல் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, கூரை போலத் தூக்கிக் கட்டினார்கள். சூடு அன்று இரவே தணிந்தது. நான்கு மூங்கில், ஒரு கயிறு, அவ்வளவுதான். மூன்றாம் நாளே இதைச் செய்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலை இருந்திருக்காது.

ஒன்பதாம் நாள் முதல் 12 டன் உலர்த்திக்குப் போனது. சுற்றி வந்து காயும் வகை உலர்த்தி ஈரத்தை மணிக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் இறக்கும், ஏற்றுவதையும் இறக்குவதையும் சேர்த்தால் 10 மணி நேரம். சூட்டோடு மீட்டரில் பார்த்து 17.0 வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் சாக்கைப் பிரித்துப் பார்த்தால் 17.8. உலர்த்தியிலிருந்து வந்த நெல்லின் மேல்தோல் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் மிச்சம் இருக்கும். ஓர் இரவு கிடந்தால் அந்த ஈரம் வெளிப்பக்கம் பரவி அளவு ஏறும். வெயில் வந்த அரை நாளில் அதை மீண்டும் பரப்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் முறைக்கு 16-ல் நிறுத்துவது என்று திருத்திக்கொண்டார்கள். அதற்கும் கீழே போனால் விவசாயிக்கே நட்டம். 17-லிருந்து 14-க்கு இறக்கினால் 3.5 சதவீத எடை போகும், நிலையம் அதற்குக் கூடுதல் விலை தராது.

இரண்டாம் முறையில் வேறு தவறு நேர்ந்தது. லாரி நிரம்பவில்லை என்று குவியல் ஓரத்திலிருந்த 26 சதவீத நெல்லையும் 21 சதவீத நெல்லையும் ஒன்றாக ஏற்றிவிட்டார்கள். சராசரி 16 என்று காட்டியது. நிலையத்தில் சாக்கு சாக்காக மாதிரி எடுத்தபோது சிலது 14, சிலது 19. 70 சிப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. அதைப் பிரித்துக் களத்தில் காயவைத்து மறுபடி தைக்க இரண்டு நாளும் ஐந்து ஆட்களும் தேவைப்பட்டன. உலர்த்தி ஈரத்தைப் போக்குமே தவிர, கலந்ததைச் சமப்படுத்தாது. முதலிலேயே தரம் பிரித்தவர்கள் கடைசி நேரத்தில் வண்டி வாடகையைப் பார்த்து மறுபடி கலந்ததுதான் பிசகு.

மண்டபத்தில் நடந்தது தனியாகச் சொல்லத் தக்கது. மழைக்காலக் காற்றில் ஈரம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது வெறும் விசிறிக் காற்றால் நெல்லை 17-க்கு இறக்க முடியாது, காற்றே நனைந்திருக்கிறது. நான்கு நாளில் 23.5 என்பது 20.5 ஆனது, அதோடு நின்றுவிட்டது. ஆனால் சூடு ஏறவில்லை, வாடை வரவில்லை, ஒரு முளைகூட இல்லை. நெல் நிறமும் மாறவில்லை. விசிறியைக் காயவைக்கும் கருவியாக நினைத்தால் ஏமாற்றம்தான். வெயில் வரும்வரை நெல்லைக் கெடாமல் பிடித்து வைக்கும் கருவியாக அது நன்றாக உழைத்தது. பதின்மூன்றாம் நாள் வெயிலில் ஒரே நாளில் அந்த 7 டன்னும் 17-க்கு வந்தது.

களத்தில் அரை மணிக்கு ஒருமுறை காலால் கோடு கிழித்தபடி கிளறினார்கள். மேகம் கறுத்ததும் வாரிக் குவித்து மூட ஒரு டன்னுக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. ஒருமுறை ஆள் போதாமல் ஏறத்தாழ ஒரு டன் காய்ந்த நெல் நனைந்தது. காய்ந்த நெல் மறுபடி நனைந்தால் உள்ளே அரிசி விரிசல் விடும். கொள்முதலில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆலையில் நொய்யாக வெளிவரும். குழு அந்த ஒரு டன்னைத் தனியே காயவைத்து, வீட்டுத் தேவைக்கு அவித்துக் குத்த வைத்திருந்த நெல்லோடு மாற்றிக்கொண்டது. யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்த நேர்மை இது.

யாருடைய நெல், யாருடைய நட்டம்

பன்னிரண்டாம் நாள் லாரிகள் வந்து நிலையத்துக் களம் காலியானது, கொள்முதல் மீண்டும் 800 சிப்பத்துக்கு ஏறியது. அதே நாளில் குழுவுக்குள் சச்சரவு மூண்டது. கலந்து கொட்டிய குவியலில் முளைத்த 6 டன் யாருடையது? டிராக்டர் பெட்டிக் கணக்கு மட்டும் நோட்டில் இருந்தது. பெட்டிக் கணக்குப்படி எல்லாரும் நட்டத்தைப் பகிரலாம் என்றார்கள் சிலர். மூன்றாம் குவியலில் கொட்டிய குத்தகைதாரர் ஒருவர், "என் நெல்லு மேட்டு வயல் நெல்லு அண்ணே, அதுல முளையே இல்ல, நான் ஏன் பங்கு கொடுக்கணும்" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் முளைத்த நெல்லின் நட்டத்தை அந்தந்தக் குவியல்காரர்களுக்குள் மட்டும் பிரிப்பது, உலர்த்தும் செலவை எல்லாருக்கும் டன் வாரியாகப் போடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்றாம் குவியல்காரர்களின் நெல் ஆலை உலர்த்திக்குப் போகவே இல்லை. ஆனால் அவர்கள் முதலில் களத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் மற்றவர்கள் ஆலைக்குப் போக நேர்ந்தது. அதனால் இந்தப் பங்கீடு சரியென்று பட்டது.

நிலையம் குழுவிடமிருந்து வாங்குவதில்லை. நில ஆவணங்களான சிட்டா, அடங்கல், அதோடு ஆதார், வங்கிக் கணக்கு என்று ஆள்வாரியாகத்தான் பதிவு, நிலத்தின் பரப்புக்கு ஏற்பத்தான் அளவு. ஒரு குத்தகைதாரர் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று முன்பே வாங்கி வைத்திருந்தார், அவர் பணம் அவர் கணக்குக்கே வந்தது. மற்றவரிடம் சான்று இல்லை. அவர் நெல் நில உரிமையாளர் பெயரில் போனது, பணமும் உரிமையாளர் கணக்கில் விழுந்தது. குத்தகையைக் கழித்துக்கொண்டு மீதி கைக்கு வர 19 நாள். அந்த 19 நாளும் அவர் தாளடிக்கு அடியுரம் போடவில்லை. நெல்லைக் காப்பாற்ற ராப்பகலாகக் கிளறியவர்களில் முதல் ஆள் அவர்தான்.

கணக்கு

நிலையத்தில் ஏறியது மொத்தம் 1,004 சிப்பம், 10,22,072 ரூபாய். முளைத்த நெல் 69,000 ரூபாய். செலவில் உலர்த்திக்கு 33,600, போக்குவரத்தும் ஏற்றுக்கூலியும் 21,000, மண்டப வாடகையும் மின்சாரமும் 9,000, களத்து ஆட்கூலி 26,000, கூடுதல் படுதா, மூங்கில், கயிறு 6,400. ஆக 96,000. கையில் நின்றது 9,95,072 ரூபாய். ஆறாம் நாளே 50 டன்னையும் 1,650-க்குக் கொடுத்திருந்தால் 8,25,000 கிடைத்திருக்கும். 1,70,072 ரூபாய் கூடுதல். குடும்பத்து ஆட்களின் உழைப்புக்குக் கூலி போடவில்லை என்பதையும் சேர்த்தே இந்தத் தொகையைப் பார்க்க வேண்டும்.

முளைத்த 6 டன்னை முதலிலேயே காப்பாற்றி உலர்த்தியிருந்தால் ஏறத்தாழ 4.96 டன் நெல்லாக நின்று 1,26,000 ரூபாய் தந்திருக்கும். கிடைத்தது 69,000. உலர்த்தும் செலவைக் கழித்தாலும் 45,000 ரூபாய்க்குக் குறையாத நட்டம். சரிவுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்ட ஒரு மண்வெட்டியும் ஒரு ஆளும் போதும்.

அடுத்த பருவத்துக்கு மாற்றுவது

குவியலை இடுப்பளவு உயர்த்தாமல், சரிவு போகும் திசையில் நீள வரப்பு போல, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் கொட்டுவது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடியில் உமி மூட்டைகளைப் பரப்பி அதன்மேல் படுதா விரிப்பது, சுற்றிலும் வரப்பு, தாழ்ந்த பக்கம் வாய்க்கால். மேல்படுதா மூங்கில் கம்பின்மேல், நெல்லைத் தொடாமல். மழை விட்டதும் திறப்பது யார் பொறுப்பு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர். கையை விட்டுச் சூடு பார்ப்பது காலை, மாலை இருவேளையும்.

மீட்டர் ஒன்றைக் குழுவே பொதுப்பணத்தில் வாங்கிவிட்டது. ஆலையோடு செப்டம்பரிலேயே பேசி, உலர்த்தியில் இரண்டு முறைக்கான இடத்தை முன்பணம் கொடுத்துப் பிடித்து வைப்பது என்பதும் தீர்மானம். குவியல்கள் இனி ஈரத்தைப் பார்த்துப் பிரிக்கப்படும், பெட்டிவாரியாக எடையும் ஈரமும் கொட்டும்போதே நோட்டில் ஏறும்.

களம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே ஒரு நாளில் அறுப்பது என்ற யோசனை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மழை மிரட்டும்போது முற்றிய கதிரை வயலில் விட்டாலும் ஆபத்துதான். பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் அங்கேயே முளைக்கும், பெல்ட் வண்டிக்கும் மணிக்கணக்கு இரட்டிக்கும். நிற்கும் பயிரைவிடக் குவித்த நெல் சீக்கிரம் கெடும், சாய்ந்த பயிர் குவித்த நெல்லையும் முந்திக்கொண்டு கெடும். எனவே சாய்ந்த வயலை முதலில் அறுப்பது, நிமிர்ந்து நிற்பதை உலர்த்த இடம் காலியானதும் அறுப்பது என்பதே இந்த ஆய்வின் மதிப்பீடு. இதற்கு வண்டிக்காரர் ஒத்துவர வேண்டும். அவருக்கு ஒரே மூச்சில் 24 ஏக்கரை அறுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவதுதான் வசதி.

சாகுபடிச் சான்று இல்லாத குத்தகைதாரருக்கு நடவு முடிந்த மாதத்திலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பொறுப்பைக் குழுவின் செயலாளர் ஏற்றிருக்கிறார். நில உரிமையாளர் கையெழுத்துப் போடச் சம்மதிக்கிறாரா என்பது அடுத்த குறுவையில்தான் தெரியும்.